மூலதனம் சுற்றிவரும் பாதை: பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மாடி வகுப்பு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கிற அரசியல் பொருளாதார வகுப்பைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் கேட்கிறார்கள். கட்சிக்கு ஆள் சேர்க்கிற இடமா? இல்லை, பங்கு வாங்கி விற்கச் சொல்லித் தருகிறார்களா? இரண்டும் கிடையாது. கெனே, ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ, மார்க்ஸ் என்று பழைய பொருளாதாரச் சிந்தனையாளர்கள் நான்கு பேரை எடுத்துக்கொண்டு, மூலதனம் எப்படிச் சுற்றுகிறது, சுற்றிவந்து தன்னையே எப்படி மறுபடி உண்டாக்கிக்கொள்கிறது என்ற ஒரே விஷயத்தை எட்டு வாரம் நடத்துகிறார்கள். கட்டணம் மொத்தமாக 120 வெள்ளி (ரிங்கிட்), மாணவர்களுக்குப் பாதி. ஆரம்பம் முதல் கடைசி வரை போனவள் என்ற முறையில் சொல்கிறேன்: போகலாம், கட்டாயம் போகலாம். குறைகளும் உண்டு, அவற்றையும் மறைக்கப்போவதில்லை.

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். லெபோ பசார், லெபோ குயின் வட்டாரத்தில் பூக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை என்று கொஞ்சம் வாடிக்கை உண்டு. மாதக் கடைசியில் பில் கட்டுகளை வாங்கிவந்து வரவு செலவு போட்டு, வருமான வரிக்குத் தயார் செய்து கொடுப்பேன். நான் எழுதுகிற பேரேட்டில் ஒவ்வொரு கடையும் தனித்தனியாக நிற்கும். காசு யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று பெயர் இருக்கும். அந்த ஆளிடம் அந்தக் காசு எப்படி வந்து சேர்ந்தது என்று இருக்காது. கடையில் தீர்ந்துபோன சரக்குக்குப் பதில் புதுச் சரக்கை யார் எங்கே உண்டாக்கினார்கள் என்பதும் இருக்காது. வகுப்பு தொடங்குவதே பேரேடு நிற்கிற அந்த இடத்தில்தான்.

இடம் ஒரு பழைய கடைவீட்டின் முதல் மாடி. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டி வலி உள்ளவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்த அந்தத் தெருவில் சனிக்கிழமை இடம் கிடைக்காது. கோம்தாரில் இறங்கி நடந்துவருவது மேல். இரண்டு காற்றாடி ஓடுகிறது, சாயங்காலம் ஐந்து மணி வெயிலுக்கு அது போதாது. இடைவேளையில் கீழே இருக்கிற கடையிலிருந்து தே தாரிக்கும் உளுந்து வடையும் வரும். அது கட்டணத்திலேயே சேர்த்தி.

நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுகிறோம். குரலை உயர்த்தவே மாட்டார். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாமல், கேட்டவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு எண்களைப் போடச் சொல்வார். முதல் வாரம் இது சிலருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து எல்லாரும் சுண்ணாம்புக்கட்டிக்குப் போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் வகுப்பு பிரான்சுவா கெனேயைப் பற்றியது. மன்னர் பதினைந்தாம் லூயியின் அரண்மனை வைத்தியர். 1758இல் அவர் வரைந்த பொருளாதார அட்டவணைதான், ஒரு நாட்டின் உற்பத்தி முழுவதும் ஒரு வருஷத்தில் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று ஒரே தாளில் காட்டிய முதல் முயற்சி. புத்தகத்தில் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமான கோடுகள்தான், ஒன்றும் புரியாது. சார் அதை மூன்று மேசையாகப் போட்டுவிட்டார். ஒன்று விவசாயிகள். ஒன்று நிலச்சுவான்தார்கள். மூன்றாவது கைவினைஞர்கள். விவசாயிகள் மேசையில் ஐந்து பச்சை அட்டை. ஒவ்வொன்றும் 100 கோடி லீவர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) பெறுமானமுள்ள விளைச்சல். கைவினைஞர் மேசையில் இரண்டு பழுப்பு அட்டை. துணி, ஏர், கருவி எல்லாம் அதற்குள் அடக்கம். நிலச்சுவான்தார் மேசையில் போன வருஷக் குத்தகையாக வந்த இரண்டு காகித நோட்டு, அதுவும் ஒவ்வொன்றும் 100 கோடி. வேறு பணமே அறையில் கிடையாது.

நான் கைவினைஞர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். நிலச்சுவான்தார் ஒரு நோட்டைக் கொடுத்து விவசாயியிடம் சாப்பாடு வாங்கினார். இன்னொரு நோட்டைக் கொடுத்து எங்களிடம் துணி வாங்கினார். அந்த நோட்டைக் கொண்டுபோய் நாங்கள் விவசாயியிடம் சாப்பாடு வாங்கினோம். விவசாயி கையில் இப்போது இரண்டு நோட்டும். அவர் தேய்ந்துபோன ஏருக்கும் கருவிக்கும் பதில் புதிது வேண்டுமென்று ஒரு நோட்டுடன் எங்களிடம் வந்தார். அதே நோட்டில் நாங்கள் அவரிடமே பஞ்சும் கம்பளியும் வாங்கினோம். கடைசியில் பார்த்தால் இரண்டு நோட்டும் விவசாயியிடம் இருக்கிறது, அதைக் குத்தகையாகக் கட்டிவிடுகிறார். ஐந்து பச்சை அட்டையில் மூன்று விற்றுவிட்டது. மிச்சம் இரண்டு, விதைக்கும் அவர் வயிற்றுக்கும். எங்களிடம் சாப்பாடும் மூலப்பொருளும் இருக்கிறது, மறுபடி நெய்ய ஆரம்பிக்கலாம். இரண்டே நோட்டு ஐந்து கொள்முதலை நடத்திக் கொடுத்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது.

இதைப் படித்தால் இரண்டு நிமிஷத்தில் மறந்துபோகும். கையால் செய்தால் மறக்காது. இரண்டாவது முறை ஆடியபோது நிலச்சுவான்தாராக உட்கார்ந்திருந்த கிராப் ஓட்டும் தம்பி, எங்களுக்குத் தர வேண்டிய நோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சார், நான் இந்த வருஷம் துணி எடுக்கல. சேத்து வைக்கிறேன்" என்றார். சார் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் துணியை விற்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம், அதனால் சாப்பாடு வாங்கவில்லை. விவசாயிக்கு வர வேண்டிய நோட்டு வரவில்லை. கையிலிருந்த ஒரு நோட்டைக் கருவிக்குச் செலவழித்தால் அது திரும்பிவரும், ஆனால் குத்தகைக்கு இரண்டு வேண்டுமே. மூன்று மேசையும் அப்படியே நின்றுபோனது. பொருள் இருக்கிறது, வேலைக்கு ஆள் இருக்கிறது, ஒரு நோட்டு ஒரு பையில் தங்கியதால் ஓட்டம் இல்லை. கெனே பணத்தைப் பூட்டிவைப்பதை ஏன் அவ்வளவு எதிர்த்தார் என்று சார் அதன் பிறகுதான் சொன்னார்.

கெனேயின் குறையும் அன்றைக்கே வெளியே வந்துவிட்டது. விவசாயம் மட்டும்தான் செலவுக்கு மேல் மிச்சம் தரும், கைவினைஞர் தான் சாப்பிட்டதையும் வாங்கிய மூலப்பொருளையும் வேறு உருவத்தில் திருப்பித் தருகிறவர், புதிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை என்பது அவர் கொள்கை. என் பக்கத்தில் இருந்த அக்கா ஆயர் ஈத்தாமில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். அவரால் பொறுக்க முடியவில்லை. "நான் காலையில நாலு மணிக்கு எழுந்து அரைக்கிறேன். அரிசியும் உளுந்தும் அப்படியே கொண்டுபோய் வெச்சா யாரு சார் வாங்குவா?" என்றார். சார் அந்தக் கேள்வியை அப்படியே பலகையில் எழுதி, அடுத்த வாரம் வரை அழிக்காமல் விட்டுவைத்தார்.

அடுத்த வாரம் ஆடம் ஸ்மித். 1766இல் பாரிஸ் போனபோது கெனேயைச் சந்தித்தவர். கெனே உயிரோடு இருந்திருந்தால் 1776இல் வெளிவந்த தன் நூலை அவருக்கே சமர்ப்பித்திருப்பார் என்கிறார்கள். கெனே 1774இலேயே போய்விட்டார். அக்காவின் கேள்விக்குப் பதில் ஸ்மித்திடம் இருக்கிறது: வயலில் போனாலும் பட்டறையில் போனாலும் உழைப்பு மதிப்பைச் சேர்க்கும், ஏர் பிடிப்பவனுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. இயந்திரம், கட்டடம் போல இருந்த இடத்திலேயே இருப்பதை நிலை மூலதனம், சரக்கு போலக் கை மாறிக்கொண்டே இருப்பதைச் சுற்றோட்ட மூலதனம் என்று பிரித்து வைத்தவரும் அவர்தான்.

ஆனால் அன்றைய வகுப்பின் முக்கால்வாசி நேரம் ஸ்மித் சறுக்கிய ஒரு இடத்துக்குப் போனது. எனக்கு எட்டு வாரத்தில் மிகவும் பிடித்த இடமும் அதுதான். ஒரு பொருளின் விலை கடைசியில் கூலி, லாபம், குத்தகை என்ற மூன்றாகக் கரைந்துவிடும் என்றார் ஸ்மித். தானியத்தின் விலையில் உழுகிற குதிரையின் தேய்மானமும் நாலாவதாக வருமே என்று அவரே கேட்டுக்கொள்கிறார். குதிரையின் விலையும் அதே மூன்றால் ஆனதுதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சார் என்னைத்தான் பலகைக்குக் கூப்பிட்டார். ஒரு தோசையின் விலையைப் பிரிக்கச் சொன்னார். சமையல்காரர் சம்பளம், கடை வாடகை, முதலாளி லாபம், பிறகு அரிசி, உளுந்து, எரிவாயு, தோசைக்கல் தேய்மானம். சரி, அரிசியைப் பிரி என்றார். கூலி, குத்தகை, லாபம், மறுபடி விதை, உரம், டிராக்டர். உரத்தைப் பிரி என்றார். எவ்வளவு தூரம் போனாலும் கூலியிலும் லாபத்திலும் குத்தகையிலும் அடங்காத ஒரு துண்டு கையில் மிஞ்சிக்கொண்டே இருந்தது. அந்தத் துண்டு இந்த வருஷம் யாருக்கும் வருமானம் இல்லை. போன வருஷம் செய்து வைத்த பொருளின் மதிப்பு இந்த வருஷச் சரக்குக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை யாராவது வருமானம் என்று எண்ணிச் செலவு செய்துவிட்டால் அடுத்த வருஷம் அரிசி இல்லை, உரம் இல்லை, தோசைக்கல்லும் இல்லை.

கணக்கு எழுதுகிற யாருக்கும் இது உடம்பில் தெரியும். கொள்முதலை லாபத்தோடு சேர்த்து எண்ணுகிற கடைக்காரர் எத்தனை நாள் தாங்குவார் என்று பார்த்தவர்கள் நாங்கள். ஒரு கடைக்கு உண்மையாக இருப்பது ஒரு நாட்டுக்கும் உண்மை என்று காட்டியதற்கே 120 வெள்ளி தகும்.

ரிக்கார்டோவுக்கு ஒரு வாரம். 1817 நூல், 1821இல் மூன்றாம் பதிப்பில் இயந்திரங்களைப் பற்றிச் சேர்த்த அத்தியாயம், லாபவீதம் ஏன் விழும் என்ற தானியக் கணக்கு எல்லாம் வந்தது. நன்றாகவே நடத்தினார். சுற்றோட்டத்துக்கு அவர் தருவது குறைவு என்பதால் நானும் தாண்டிப் போகிறேன்.

மீதி வாரங்கள் முழுக்க மார்க்ஸ், அதிலும் அவருடைய 'மூலதனம்' நூலின் இரண்டாம் பாகம். முதல் பாகம் 1867இல் வந்தது, எல்லாரும் பேசுவது அதைத்தான். இரண்டாம் பாகத்தை மார்க்ஸ் முடிக்கவில்லை. 1883இல் அவர் இறந்த பிறகு கையெழுத்துப் பிரதிகளிலிருந்து அவர் நண்பர் எங்கெல்ஸ் தொகுத்து 1885இல் வெளியிட்டார். வறண்ட புத்தகம் என்று பெயர் எடுத்தது. ஆனால் சார் இந்தப் புத்தகத்தைத்தான் முழுக்க நம்பியிருப்பது தெரிகிறது. அவர் குரலில் சூடு ஏறுவது இங்கேதான்.

பலகையில் ஒரே ஒரு வரி: ப – ச … உ … ச′ – ப′. பணம் சரக்காகிறது, சரக்கு உற்பத்திக்குள் போகிறது, முன்பைவிட அதிக மதிப்புள்ள சரக்காக வெளியே வருகிறது, அது பெரிய பணமாகிறது. மார்க்ஸ் தரும் உதாரணத்தில் 422 பவுன் (இங்கிலாந்துப் பணம்) உள்ளே போகிறது, 372 பஞ்சுக்கும் இயந்திரத்துக்கும், 50 கூலிக்கு. வெளியே வருவது 10,000 ராத்தல் நூல், மதிப்பு 500 பவுன். பணத்தை மட்டும் பார்த்தால் காசு காசைப் பெற்றதுபோல் இருக்கும். சுற்றை உற்பத்தியிலிருந்து தொடங்கிப் பார்த்தால் ஆலை நிற்காமல் ஓடுவதுதான் குறிக்கோள் போலிருக்கும். சரக்கிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு சரக்கும் இன்னொருவர் சரக்கை எதிர்பார்த்து நிற்பது தெரியும். கெனே அட்டவணை போட்டது இந்த மூன்றாவது பார்வையில்தான். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிறது. மூலதனத்தில் ஒரு பகுதி பணமாக, ஒரு பகுதி வேலை நடக்கும் பட்டறையாக, ஒரு பகுதி விற்காத சரக்காக எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எங்கே ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்ற இரண்டும் நிற்கும்.

அன்று இடைவேளையில் மாவு அக்காவின் சுற்றை ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். ஒரு நாள் அரைக்க அரிசி, உளுந்து, மின்சாரம், உதவிக்கு வரும் பெண்ணின் கூலி எல்லாம் சேர்த்து 300 வெள்ளி. அரைத்து முடிக்க நாலு மணி நேரம். அதற்கு மேல் மாவு தானாகப் புளிக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் வேலை செய்வதில்லை, ஆனாலும் 300 வெள்ளி பாத்திரத்துக்குள்ளேதான் இருக்கிறது. வேலை நேரமும் உற்பத்தி நேரமும் ஒன்றில்லை என்று மார்க்ஸ் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார், காடு வளர்ப்பையெல்லாம் எடுத்துக்காட்டி. பிறகு பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அவர்கள் வாரம் ஒருமுறைதான் காசு தருகிறார்கள். வாரத்தில் ஆறு நாள் அரைக்கிறார். ஆக, வாரக் கடைசியில் 1,800 வெள்ளி அடக்கம் கடைக்காரர்களிடம் நிற்கிறது. அடுத்த நாள் அரைக்க வேறு 300 கையில் இருந்தாக வேண்டும்.

அக்கா கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இந்த ஆயிரத்து எண்ணூறு எனக்கு எதுக்கு? அரைக்கிறதுக்கா, காத்திருக்கிறதுக்கா?" என்று கேட்டார். அந்த வாரத்தின் பாடம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. விற்பனைக்காகச் சரக்கு காத்திருக்கும் காலம் மதிப்பைக் கூட்டாது, ஆனால் உற்பத்தி விட்டுப்போகாமல் நடக்க வேண்டுமென்றால் அந்தக் காலத்துக்கென்று கூடுதல் மூலதனத்தை வைத்துத்தான் ஆக வேண்டும். கடைக்காரர்கள் அன்றன்று காசு கொடுத்தால் அந்தத் தொகை விடுபட்டு வேறு வேலைக்குப் போகும்.

புரள்வு வேகத்தை, அதாவது போட்ட காசு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதைப் பற்றிய கணக்கும் அப்படித்தான். மார்க்ஸ் இரண்டு மூலதனத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இரண்டும் வாரத்துக்கு 100 பவுன் கூலி கொடுக்கிறது, உபரி மதிப்பு வீதம், அதாவது கூலியோடு ஒப்பிட்டால் கிடைக்கும் மிச்சம், இரண்டிலும் 100 சதவீதம். ஒன்று ஐந்து வாரத்தில் திரும்பிவிடுகிறது, அதனால் 500 பவுன் இருந்தால் போதும். மற்றது வருஷம் ஒருமுறைதான் திரும்புகிறது, 5,000 பவுன் போட வேண்டும். வருஷக் கடைசியில் இரண்டிலும் கிடைக்கும் உபரி 5,000தான். போட்ட கூலி மூலதனத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கு 1,000 சதவீதம், மற்றதற்கு 100. என் வாடிக்கையில் இந்த இரண்டும் உண்டு. பூக்கடைக்குக் கேமரன் மலை சாமந்தி காலையில் வருகிறது, தொடுப்பவர்கள் உட்கார்ந்து தொடுக்கிறார்கள், இரவுக்குள் மாலையெல்லாம் காசு. பிறையில் சாமி மேடை செய்யும் பட்டறையில் மரம் மாதக்கணக்கில் உலர வேண்டும், பிறகு இழைப்பு, செதுக்கல், பூச்சு. அந்தப் பட்டறைக்காரர் சோம்பேறி என்று அவர் தம்பியே சொல்வதுண்டு. அவர் கைக்கு ஓய்வே கிடையாது. மரத்துக்குள் அவர் காசு உலர்ந்துகொண்டிருக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்கு அப்பா நினைவு வந்தது. சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர், ஆள் வருகைப் பதிவேடான செக்ரோல் எழுதியவர். பால்மரம் நட்டால் வெட்டுக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை காடு அழிக்க, குழி வெட்ட, களை எடுக்க மாதாமாதம் கூலி வெளியே போய்க்கொண்டே இருக்கும், ஒரு சொட்டுப் பால் வராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனிகள் ஏன் இந்தத் தொழிலுக்குள் இறங்கின, சிறு தோட்டக்காரர்கள் ஏன் மரங்களுக்கு நடுவே அன்னாசியும் மரவள்ளியும் போட்டார்கள் என்பதற்கெல்லாம் பதில் அந்த ஆறேழு வருஷத்தில் இருக்கிறது. பெரிய மூலதனம் காத்திருக்கும், சின்னது நடுவில் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து சுற்று அறுந்தபோது மரங்கள் நிலத்திலேயே நின்றன. ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைத்தான் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நிலை மூலதனத்தை நகர்த்த முடியாது, கூலியை நிறுத்த முடியும் என்பதைப் பாட்டி வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார். நான் அப்போது அதைச் சோகக் கதையாக மட்டும் கேட்டேன். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பதை இந்த வகுப்பில்தான் பார்த்தேன்.

இயந்திரத் தேய்மானத்துக்கு சார் சொன்ன ஒரு தகவலும் மனதில் நிற்கிறது. இயந்திரம் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது என்று 1858 மார்ச் மாதம் மார்க்ஸ் எங்கெல்ஸுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஆங்கிலேயக் கணித அறிஞர் பாபேஜ் ஐந்து வருஷம் என்கிறாரே, அது சரிதானா என்று சந்தேகம். மான்செஸ்டரில் ஆலைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எங்கெல்ஸ், வருஷத்துக்கு ஏழரை சதவீதம் கழிப்பார்கள், ஆக பதின்மூன்று வருஷம் வரும் என்று பதில் போட்டார். ஒரு பெரிய கொள்கை ஒரு கணக்குப்பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருந்தது என்பதில் எனக்கு நிஜமான சந்தோஷம்.

கடைசி இரண்டு வாரமும் மறுவுற்பத்தி, அதாவது தீர்ந்துபோனதை மறுபடி உண்டாக்கி அடுத்த வருஷத்தைத் தொடங்குவது. மறுபடி மேசை போட்டார், இந்த முறை இரண்டுதான். பிரிவு 1 உற்பத்திச் சாதனம் செய்கிறது: 4,000 மாறா மூலதனம் (இயந்திரம், மூலப்பொருள்), 1,000 மாறும் மூலதனம் (கூலி), 1,000 உபரி, மொத்தம் 6,000. பிரிவு 2 நுகர்பொருள் செய்கிறது: 2,000, 500, 500, மொத்தம் 3,000. பிரிவு 1இல் இருக்கும் தொழிலாளியும் முதலாளியும் இயந்திரத்தைச் சாப்பிட முடியாது, அவர்களுக்கு 2,000க்கு அரிசியும் துணியும் வேண்டும். பிரிவு 2க்கு 2,000க்குத் தேய்ந்த சாதனம் மாற்ற வேண்டும். இந்த இரண்டு 2,000மும் கை மாறினால் இரண்டு பக்கமும் அடுத்த வருஷம் பழைய அளவில் தொடங்கலாம். கை மாறாவிட்டால் ஒரு பக்கம் அரிசி கிடக்கும், இன்னொரு பக்கம் இயந்திரம் கிடக்கும், இரண்டுமே விற்காது. ஸ்மித்தின் புதிர் இங்கேதான் அவிழ்கிறது: மொத்தச் சரக்கு 9,000, எல்லாருடைய வருமானமும் சேர்ந்து 3,000, நுகர்பொருள் மொத்தமும் அதே 3,000. மீதி 6,000 யாருடைய வருமானமும் இல்லை.

வருஷா வருஷம் அளவு பெரிதாகிற விரிவாக்க மறுவுற்பத்திக்கு வேறு எண்களுடன் தொடங்க வேண்டும்: பிரிவு 1 பழையபடியே, பிரிவு 2 மட்டும் 1,500, 750, 750. முதல் பிரிவு முதலாளிகள் உபரியில் பாதியான 500ஐச் சாப்பிடாமல், 400ஐச் சாதனத்திலும் 100ஐக் கூலியிலும் போடுகிறார்கள். உடனே பிரிவு 2 தன் சாதனத்தை 1,600 ஆக்கியாக வேண்டும், அதற்கேற்ப இன்னும் 50 கூலிக்கு. அடுத்த வருஷம் 6,600, 3,200, மொத்தம் 9,800. கால்குலேட்டரை எடுத்துப்போங்கள், சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் வழுக்கிவிடும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் பெண் கேட்ட கேள்வி இங்கே முக்கியம். "நாங்க செய்யிற சிப் எந்தப் பிரிவு சார்?" 1972இல் அங்கே சுதந்திர வணிக வலயம் திறந்ததிலிருந்து பினாங்குப் பெண்கள் கையால் போனது எவ்வளவோ. அந்தச் சிப்பை இன்னொரு தொழிற்சாலை வாங்கி இயந்திரத்திலோ கைப்பேசியிலோ பொருத்தினால் பிரிவு 1, வீட்டில் பயன்படுத்த ஒருவர் நேராக வாங்கினால் பிரிவு 2. பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதை யார் வாங்கி என்ன வேலைக்கு வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். அதோடு, அது இந்தத் தீவில் விற்கப்படுவதே இல்லை. இங்கே செய்யும் சரக்குக்கு வாங்குபவர் வேறு நாட்டில், இங்கே தேய்கிற இயந்திரத்துக்குப் பதில் வருவது இன்னொரு நாட்டிலிருந்து. அட்டவணையின் இரண்டு மேசைக்கு நடுவே கடல் இருக்கிறது. மூலதனப் பெருக்கத்துக்கு வாங்குபவர் எங்கிருந்து வருவார் என்று மார்க்சியவாதி ரோசா லக்ஸம்பர்க் 1913இல் எழுப்பிய சண்டை அன்று எங்கள் அறைக்குள் நடந்தது. ஏழரை மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு ஒன்பது வரை போனது. நம் நாட்டுப் புள்ளிவிவரத் துறை வெளியிடும் உள்ளீடு–வெளியீட்டு அட்டவணையின் ஒரு பக்கத்தைச் சார் காட்டினார். எந்தத் துறை எந்தத் துறையிடம் வாங்குகிறது என்ற கட்டம் கட்டமான எண்கள். கெனேயின் மூன்று மேசையை அதற்குள் கண்டுபிடிக்க எங்களால் முடிந்தது.

இனி குறைகள். கடனுக்கு நேரமே ஒதுக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் கடனைத் தள்ளிவைத்தார் என்பது சரி, ஆனால் மூன்றாம் பாகம் இருக்கிறதே. வகுப்பு நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் நகரத்தார் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய பினாங் ஸ்திரீட். அக்காவின் 1,800 வெள்ளியை யார் தருகிறார்கள், என்ன வட்டிக்கு என்பதைத் தொடாமல் சுற்றோட்டத்தை முடிப்பது பெரிய விடுபடல். கடைகளும் அப்படித்தான்: வாங்கி விற்பது மட்டும் செய்கிற வணிக மூலதனத்தின் லாபம் எங்கிருந்து வருகிறது என்று மளிகைக்கடைக்காரர் ஒருவர் கேட்டார், அது பிறகு என்று சொன்னார்கள், பிறகு வரவில்லை.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு. இயந்திரம் எப்படி மாற்றப்படுகிறது என்பதற்கு ஒரு வாரம் தந்தவர்கள், தொழிலாளி எப்படி மறுநாள் வேலைக்குத் தயாராகிறார் என்பதற்குப் பத்து நிமிஷம்தான் தந்தார்கள். கூலி வாங்குகிறார், அரிசி வாங்குகிறார், முடிந்தது. அந்த அரிசியைச் சோறாக்குவது யார்? தோட்டத்தில் என் பாட்டி வெட்டுக்குப் போகும் முன்னால் மூன்று மணிக்கே எழுந்து உலை வைத்தார். அந்த உழைப்பு எந்த மேசையிலும் இல்லை. மாவு அக்கா இதைக் கேட்டார், தொழிற்சாலைப் பெண்ணும் கேட்டார். சார் குறித்துக்கொண்டார். அடுத்த சுற்றில் இதற்கு ஒரு முழு வாரம் வேண்டும் என்று நாங்கள் மூவரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கொடுக்கிற தாள்கள் நகல் எடுத்து எடுத்து மங்கிப்போனவை. மறுவுற்பத்தி அட்டவணையில் 1,500ம் 1,600ம் ஒன்றுபோலத் தெரிகிறது, அந்தப் பாடத்துக்கு அது தாங்காது. பலகையிலிருந்து படம் எடுத்துக்கொள்வது நல்லது.

யாருக்கு இது பொருந்தும் என்றால், சொந்தக் கையில் சரக்கோ சம்பளப் பட்டியலோ வைத்திருப்பவர்களுக்கு முதலில். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பொருந்தும், ஆனால் கடை வைத்திருப்பவர்கள் பக்கத்தில் உட்காருங்கள், கேள்விகள் அங்கிருந்துதான் வருகின்றன. ஒரே மாதத்தில் காசைப் பெருக்க வழி தேடுபவர்கள் போக வேண்டாம். அடுத்த சுற்று தீபாவளி முடிந்து தொடங்குகிறது. நாற்பது நாற்காலிதான், முதல் வாரம் நிரம்பிவிடும். ஒரு மாதத்துப் பில்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், சார் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.